கடலூர் மாவட்டத்தில் ரெண்டு ஏக்கர் வாங்கலாமா? ஒரு மோட்டார் மெக்கானிக்கின் மதிப்பீடு

பண்ருட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவது, ஏற்றுவது, ஸ்டார்ட்டர் மாட்டுவது எல்லாம் நாங்களே செய்வோம். கொரோனாவுக்கு அப்புறம் கடைக்கு ஒரு புது வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. ரெண்டு ஏக்கர் வாங்கி, சின்னதாக வீடு கட்டி, வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொண்டு, புயலோ ஊரடங்கோ எது வந்தாலும் ஒரு மாதம் யாரையும் எதிர்பார்க்காமல் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, கடலூர் மாவட்டம் இதுக்குச் சரிப்படுமா?"

நான் இடம் விற்பவன் இல்லை, கமிஷனும் வாங்குவதில்லை. ஆனால் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர், எந்த ஊரில் மழைக்காலத்தில் மோட்டார் கொட்டகை முழுகும் என்பது தொழிலால் தெரிந்த விஷயம். அந்தக் கண்ணோடு இந்த மாவட்டத்துக்கு மார்க் போடுகிறேன்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் தொடங்கி பிச்சாவரம் பக்கம் வரை நூற்றுக்கணக்கில் உயிர் போனது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2015 நவம்பரில் வெள்ளம். 2020-இல் நிவர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். போதாததற்கு 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு நேர் கிழக்கே கடலில் நிலநடுக்கம் வந்து பாத்திரமெல்லாம் ஆடியது. எதுவுமே வராத ஊரைத் தேடுகிறவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். புயல் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்குப் பத்துக்கு மூன்று மார்க். அதுவும் தாராளம்.

அப்படியும் நான் வாங்காதீர்கள் என்று சொல்வதில்லை. காற்று எல்லோருக்கும் பொது, ஆனால் வெள்ளம் அப்படி இல்லை. அதற்கு வழி இருக்கிறது, அது போகிற இடத்துக்குத்தான் போகும்.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று மேற்கே பெய்வதையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகிற மாவட்டம் இது. நம்ம ஊரில் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வெள்ளம் வரும். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கடலூரின் தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது அந்த மழை மட்டும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு பக்கமும், ஆற்றுக்கு அந்தக் கரையில் பாகூர் பக்கமும் தண்ணீர் ஏறியது. கொள்ளிடக் கரையில் இன்னும் வேடிக்கை: 2018 ஆகஸ்டில் இங்கே நல்ல மழையே கிடையாது, மேட்டூர் நிரம்பி வந்த தண்ணீரில் திட்டுக்காட்டூரும் கீழகுண்டலபாடியும் தீவாகின. ஆகவே உங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலே எந்த அணை இருக்கிறது என்று பாருங்கள்.

ஆற்றுப் படுகை நிலத்தைப் புரோக்கர் காட்டும்போது மயக்கமாகத்தான் இருக்கும். வண்டல் மண், கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர், கரும்பும் வாழையும் தளதளவென்று நிற்கும். பயிர் வைக்கிறவருக்கு அது சொர்க்கம்தான். வருஷம் முழுக்க அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு நான் நாலு மார்க்குக்கு மேல் தரமாட்டேன்.

நிலம் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரு சோதனை உண்டு. பக்கத்துக் கழனிகளின் மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருந்தால் பயமில்லை. சில ஊர்களில் பெட்டி தலைக்கு மேல் இருக்கும், கல்லைப் போட்டு ஏறித்தான் பட்டனை அழுத்துவார்கள். அதற்குக் கீழே சுவரில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் தெரியும், சில கொட்டகையில் ரெண்டு வரிசையாகவே இருக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் பெட்டியை ஒரு அடி, ஒன்றரை அடி மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நானே அப்படி எத்தனையோ கொட்டகையில் தூக்கி மாட்டியிருக்கிறேன். எந்த வரைபடமும் அந்தச் சுவர் அளவுக்கு உண்மை பேசாது.

இனி மேட்டுக்கு வருவோம். பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக வடலூர், நெய்வேலி வரைக்கும் செம்மண் மேடு. முந்திரி, பலா, சவுக்கு, மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற கொல்லைகள். தண்ணீர் நிற்காது, ரோடு நல்ல ரோடு, பண்ருட்டியிலும் வடலூரிலும் சந்தை, கடலூர் ஒரு மணி நேரத்துக்குள். பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்கள் வெளியிட்ட பலா ரகம்கூட உண்டு. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரி ஒட்டுக்கன்றும் மல்லாட்டை ரகங்களும் கிடைக்கும். தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யூடியூபை விட்டுவிட்டு இந்த ரெண்டு இடத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.

மண்ணுக்கு எட்டு மார்க். ஆனால் இங்கே ரெண்டு சிக்கல்.

ஒன்று, ஓடை. மேடு என்றாலும் மேட்டில் விழுந்த மழை இறங்க வழி வேண்டுமே. வருஷத்தில் பதினோரு மாதம் காய்ந்து கிடந்து, மாடு மேய்கிற வண்டிப் பாதை போலத் தெரியும் ஓடைகள் இங்கே நிறைய. 2015 நவம்பர் 9 அன்று விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் அப்படிப்பட்ட ஓடைதான் வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. அங்கே பெரிய ஆறு எதுவும் கிடையாது. அதனால் பத்திரம் பார்ப்பதற்கு முன்னால் எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால், அது இன்றைக்குத் தூர்ந்து சமமாகக் கிடந்தாலும் சரி, வீடு கட்ட அந்த இடம் வேண்டாம். ஓடை ஓரத்துக்கு என் மார்க் பூஜ்ஜியம்.

ரெண்டாவது சிக்கல்தான் எல்லோரும் கோட்டை விடுவது. மேட்டில் தண்ணீர் ஆழம். பல ஊர்களில் முன்னூறு அடிக்கும் கீழே மோட்டார் தொங்கும். கை பம்ப் நூற்றைம்பது அடி வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்கும் கீழே தண்ணீர் போய்விட்டால் கரண்ட் இல்லாமல் ஒரு குடம் எடுக்க முடியாது. வெள்ளத்துக்குப் பயப்படாத இடத்தில் தண்ணீர் கரண்டை நம்பி இருக்கிறது, கரண்டை நம்பாமல் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் வெள்ளம் வருகிறது. இந்த மாவட்டத்தில் நிலம் வாங்குவது என்றால் இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்.

தானே புயலுக்குப் பிறகு இதைக் கண்ணால் பார்த்தோம். கம்பமெல்லாம் முறிந்து, கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. குறிஞ்சிப்பாடி பக்கம் தாழ்ந்த ஊர்களில் கை பம்பில் தண்ணீர் அடித்துப் பிழைத்துக்கொண்டார்கள். மேட்டு ஊர்களில் ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, போர் போராகப் போய்த் தொட்டியை நிரப்பிக் கொடுத்தோம். அப்போதும் ஒரு கூத்து. 5 எச்.பி. மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். அந்த மோட்டாரைக் கிளப்ப பதினைந்து கே.வி.ஏ. பக்கத்தில் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், பெட்ரோல் பங்கில் அரை கிலோமீட்டர் வரிசை நிற்கும்.

அதனால் வீட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன மோட்டார் போடுங்கள். ஒரு எச்.பி., சிங்கிள் ஃபேஸ். பயிருக்குப் பெரியது தனி. சின்னதைச் சின்ன ஜெனரேட்டரே ஓட்டும், சோலாரும் ஓட்டும். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில் உண்டு, ஆனால் புது இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும், மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வரும் என்று நம்பியும் இருக்க முடியாது. வேளாண் பொறியியல் துறையில் சோலார் பம்புக்கு மானியம் தருகிறார்கள், முதலில் அதை விசாரியுங்கள். பேனலைச் சாய்வு குறைவாக, போல்ட் போட்டு இறுக்கி நிறுத்துங்கள். கிளாம்ப் மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவரை நம்பவேண்டாம்.

அப்புறம் மழைத் தண்ணீர். இங்கே வருஷத்துக்கு 1200 மி.மீ.யை ஒட்டி மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு வருஷம் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அதில் பத்தில் ஒரு பங்கைத் தரைக்கடித் தொட்டியில் பிடித்து வைத்தாலே ஒரு குடும்பம் சமையலுக்கும் குடிக்கவும் மாதக்கணக்கில் ஓட்டலாம். பண்ணைக்குட்டை வெட்டுகிறேன் என்பவர்கள் கவனிக்க: செம்மண்ணில் குட்டை தண்ணீர் பிடிக்காது, ஷீட் போட வேண்டும். களிமண் பக்கம் ஷீட் இல்லாமலே நிற்கும்.

மரம் பற்றியும் சொல்ல வேண்டும். தானே வந்த அன்று காலையில் எங்கள் பக்கம் முந்திரித் தோப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேரோடு பெயர்ந்து ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. தாத்தா காலத்துப் பலா, தென்னை, தேக்கு எதுவும் தப்பவில்லை. பனை மட்டும் நின்றது. ஒட்டு முந்திரி மறுபடி காய்க்க மூன்று நாலு வருஷம், பலாவுக்கு அதற்கும் மேல். ஆகையால் வருமானம், சாப்பாடு ரெண்டையும் மரத்தின் தலையில் கட்டாதீர்கள். கேழ்வரகு, கம்பு, மல்லாட்டை, உளுந்து என்று நாலு மாதத்தில் கைக்கு வருகிற பயிருக்குப் பாதி நிலத்தை விடுங்கள். வரப்பில் பனை வையுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் பேரனுக்கு ஆகும். வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய மரம் எதுவும் வேண்டாம். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேண்டாம். அந்த விடிகாலையில் பறந்த தகரம் கழுத்தை அறுக்கிற வேகத்தில் போனது.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரம் அழகு, விலையும் அதிகம், நிலத்தடியில் உப்பு ஏறுகிறது. அந்தத் தண்ணீர் மோட்டாரை அரிக்கும், எனக்குத்தான் லாபம். கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கிற பக்கம், போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நெய்வேலியைச் சுற்றி ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாமல் போரில் தண்ணீர் பொங்கி வழிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நிலக்கரி வெட்ட, அடியில் இருக்கிற ஊற்றின் அழுத்தத்தைக் குறைக்க ராப்பகலாகப் பம்ப் ஓடுகிறது. சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கிற பட்டியலில் அந்த ஊர் வருகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்காமல் அந்தப் பக்கம் வாங்கவே கூடாது.

காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் நெல்லுக்கு ஈடே இல்லை. வீராணம் தளும்பி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றும். சோத்துக்கு ஒன்பது மார்க், வடிகாலுக்கு ரெண்டு. மேற்கே விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர் பக்கம் புயலின் வேகம் கொஞ்சம் அடங்கித்தான் வந்து சேரும், நிலமும் மலிவு. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து நன்றாக வரும். போகப் போகப் பாறை, கோடையில் போர் ஏமாற்றும், பெரிய ஆஸ்பத்திரி தூரம். தண்ணீர் இருக்கிற இடமாகப் பொறுக்கி எடுத்தால் ஆறு மார்க். பாகூர் கொம்யூன் மண்ணும் ஏரியும் அருமை, ஆனால் அது புதுச்சேரி நிர்வாகம், நம்ம ஊர் பட்டா, சிட்டா பழக்கம் அங்கே உதவாது. ஒரு வார்த்தை அளவைப் பற்றி: இந்தப் பக்கம் விற்கிறவர் காணியில் விலை சொல்வார். நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். ஏக்கர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு அப்புறம் குழம்புகிறவர்கள் நிறைய.

ஆஸ்பத்திரிக்கு ஏழு மார்க் கொடுக்கலாம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி, எல்லை தாண்டினால் ஜிப்மர். முந்திரித் தோப்புச் சருகில் விரியன் இருக்கும், அதனால் இந்தத் தூரக் கணக்கை நிலம் பார்க்கிற அன்றே போட்டுவிடுங்கள். புயலுக்கு அடுத்த நாள் ரோட்டில் மரம் கிடக்கும், 108 வர முடியாது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டியிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077.

புதிதாக வருகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம்: நிலம் வாங்கின கையோடு சுற்றிலும் ஆறடிச் சுவர், பூட்டு, கேமரா. சுவர் வாய்க்காலை மறிக்கும், மேல்காட்டுத் தண்ணீர் பக்கத்துக் கொல்லையில் நிற்கும், முதல் மழைக்கே சண்டை. தானேவுக்குப் பிறகு மூன்று நாள் எந்த அதிகாரியும் உள்ளே வர முடியாதபோது ரோட்டை அறுத்துத் திறந்தது ஊர்க்காரர்கள்தான். யார் வீட்டில் அரிசி, யார் வீட்டில் மரம் அறுக்கிற மெஷின், யாருடைய கிணற்றில் தண்ணீர் என்று தெரிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வேலியில் ஒரு ஆள் நுழைகிற திட்டிவாசல் விடுங்கள். மனுஷர்கள் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு நான் ஒன்பது மார்க் தருவேன். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற மண் இது. எதுவும் கைகொடுக்காவிட்டால் தருமசாலையில் சோறு உண்டு என்று எங்கள் வீட்டில் விளையாட்டாகச் சொல்வோம், பாதி நிஜமும்கூட.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், மேட்டின் உச்சியும் வேண்டாம், படுகையும் வேண்டாம். செம்மண் இறங்கிக் கழனியைத் தொடுகிற சரிவு. குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரியின் மேல்பக்கம், பண்ருட்டிக்கு அருகே கெடிலத்திலிருந்து விலகி ஏறுகிற பக்கம், இப்படித் தேடினால் கிடைக்கும். நிலத்தடித் தண்ணீர் மேட்டு உச்சியைவிடக் குறைந்த ஆழத்திலேயே கிடைக்கும், மழைத் தண்ணீர் நின்றாலும் ஒரு நாளில் வடிந்துவிடும். அங்கே ஒன்றரைக் காணி கிடைத்தால் ஏழரை மார்க்.

புரோக்கர்கள் உங்களை மாசி, பங்குனியில்தான் கூப்பிடுவார்கள். அப்போது எல்லா நிலமும் காய்ந்து, எல்லா ஓடையும் பாதையாகத்தான் தெரியும். கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்த பிறகு, பைக்கில் ஒரு தடவை வந்து பாருங்கள். "ரோடு சரியில்லை சார், வெயில் வரட்டும்" என்று இழுப்பார்கள். அந்த ரோடு எங்கே சரியில்லை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.